தெளிந்த வானத்தில் திரளும் ஓசோன்

டெல்லியில் நவம்பர் மாதப் புகைமூட்டத்தின்போது எச்சரிக்கையாக இருக்கும் ஆஸ்துமா நோயாளிகள், வானம் தெளிந்த ஏப்ரல், மே மாதங்களில் இன்ஹேலரைத் தாமாகவே நிறுத்திவிட்டு, மூச்சிரைப்பு முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருகின்றனர். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் காற்று தூய்மையானது என்ற நம்பிக்கையே இத்தாமதத்திற்கு முதற்காரணம்.

புகைக்குழாயில் இல்லாத நஞ்சு

வாகன எஞ்சினின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடாகி, வெளிக்காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகின்றன. அதைச் சூரிய ஒளி பிளக்கும்போது விடுபடும் ஆக்சிஜன் அணு, ஆக்சிஜன் மூலக்கூறுடன் இணைந்து ஓசோனாகிறது. இந்த ஓசோனை நைட்ரிக் ஆக்சைடே அழித்துவிடக்கூடும். ஆனால், எரியாமல் வெளியேறும் அல்லது ஆவியாகும் எரிபொருளின் ஹைட்ரோகார்பன்கள் சிதைந்து, எதனோடும் உடனே வினைபுரியும் தனி உறுப்புகளைத் தோற்றுவித்து, அவை நைட்ரிக் ஆக்சைடைக் கவர்ந்து மீண்டும் நைட்ரஜன் டை ஆக்சைடாக்குவதால், ஓசோன் பிற்பகல்வரை பெருகிக்கொண்டே போகிறது. 1943-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களின் கண்களை எரியவைத்த புகைமூட்டத்திற்குச் செயற்கை ரப்பர் தொடர்பான ஓர் ஆலைமீது பழி விழுந்து, அது மூடப்பட்ட பின்னரும் எரிச்சல் தீரவில்லை. வெயிலில் நிகழும் இவ்வினையே காரணம் என்பதைப் பின்னர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் நிறுவினார்.

கைவிட வேண்டிய நம்பிக்கைகள்

ஓசோன் உயிர்களைக் காக்கும் வாயு என்பது பல கிலோமீட்டர் உயரத்திலுள்ள படலத்திற்கே பொருந்தும். தரையில் அது நீரில் எளிதில் கரையாததால் மூக்கில் தங்காமல் சிறிய மூச்சுக்குழல்கள்வரை இறங்கி, அவற்றின் உட்படலத்தை அழற்சிக்குள்ளாக்குகிறது. நெரிசலான சாலையைவிட்டு விலகினால் போதும் என்பதும் பிழையே, ஏனெனில் சாலையோரத்தில் நைட்ரிக் ஆக்சைடால் குறையும் ஓசோன், காற்று வீசும் திசையிலுள்ள புறநகரிலும் பூங்காவிலும் மிகுந்திருக்கும். துகள்களைத் தடுக்கும் முகக்கவசம் இந்த வாயுவைத் தடுப்பதில்லை. வெல்லம் தின்றால் நுரையீரல் கழுவப்படும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. தின்ற வெல்லம் இரைப்பைக்குத்தான் போகிறது. காற்றைச் சுத்திகரிப்பதாகக் கூறி ஓசோனையே உமிழும் கருவிகளை வீட்டில் வைப்பது, நோயை விலைகொடுத்து வாங்குவதாகும். எல்லாவற்றினும் கொடியது, இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அஞ்சுபவர், மருந்துக்கடையில் சீட்டின்றி ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி விழுங்குவது; மிகக் குறைந்த அளவு மருந்தை நேரே மூச்சுக்குழலில் சேர்க்கும் கருவியை ஒதுக்கிவிட்டு, நாளடைவில் சர்க்கரையை உயர்த்தி எலும்பை நலிவிக்கும் மாத்திரையை நாடுவதை எவ்விதத்திலும் ஏற்க முடியாது.

பரிசோதனை

ஆஸ்துமாவைக் கண்டறிய, ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை பெரும்பாலும் போதுமானது.

தடுப்பு

எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் ஓசோன் என்பதே இந்தியாவின் வரம்பு. அது மீறப்படும் கோடையில், பிள்ளைகளின் விளையாட்டைப் பள்ளிகள் காலைக்கு மாற்ற வேண்டும். நண்பகல் முதல் மாலை நான்கு மணிவரை வெளியில் கடும் உழைப்பை எவர்மீதும் சுமத்தாதிருக்க வேண்டும். குப்பையைக் கொளுத்தி மேலும் ஹைட்ரோகார்பன்களைக் காற்றில் சேர்க்காதிருக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். இரவில் இருமல் எழுப்பினால், விடிந்ததும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.