கர்ணன் எடுத்த ஊருக்குப் போகலாமா?

கோடை விடுமுறையில் நம் மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகள் வேன் பிடித்துப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார்கள். நாமும் துணைக்குப் போனோம். ஆழியாறு அணையைப் பார்த்த கையோடு, சிங்காநல்லூரில் 'தேவர் மகன்' எடுத்த அரண்மனை வீட்டையும் பார்த்தே ஆக வேண்டுமென்று ஒரே பிடிவாதம். அந்தப் படம் வந்தது 1992-இல். இவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் வாசலில் நின்று, முளைக்காத மீசையை முறுக்கி செல்பி எடுக்காமல் ஒருவனும் நகரவில்லை.

கதை தெற்குச் சீமைக் கதை, படமாக்கியதோ கொங்கு மண்ணில். மறு ஆண்டு வந்த 'எஜமான்' படத்துக்கும் இதே பொள்ளாச்சி வட்டாரம்தான். தென்னந்தோப்பு, வாய்க்கால், திண்ணை வைத்த பெரிய வீடு இருந்துவிட்டால் போதும், சினிமாவுக்கு அதுதான் தமிழ்க் கிராமம். அந்தத் தோப்பில் தேங்காய் உரித்தவர்களும் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர்களும் குடியிருக்கும் தெருவுக்குக் கேமரா போனது அபூர்வம். போனாலும் பெரிய வீட்டுக்காரரைக் கும்பிடும் கூட்டமாகக் காட்டத்தான்.

திரும்பும்போது வேனில் 'கர்ணன்' ஓடியது. பேருந்து நிற்காத ஊர். பொறுக்க மாட்டாமல் ஒருநாள் பேருந்தை அடித்து நொறுக்குகிறார்கள். பிறகு போலீஸ் ஊருக்குள் இறங்குகிறது.

"தோழர், அடுத்த தடவை கர்ணன் எடுத்த ஊருக்குப் போலாம்" என்றாள் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருந்த பெண்.

படத்துக்குப் போடும் செட்டை வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள், அங்கே எதைப் பார்ப்பது என்றோம். படத்தில் வருவது பொடியங்குளம். அதற்கு மூலமான கொடியங்குளம் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பெயரை வேனில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீசார் அந்த ஊருக்குள் புகுந்ததைச் சொன்னோம். முழுக்கத் தலித் மக்கள் வாழும் ஊர். பலர் வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய காசில் வீடு கட்டி, டிவியும் மின்விசிறியும் வாங்கியிருந்தார்கள். அவற்றைத் தேடித் தேடி உடைத்தார்கள். பாஸ்போர்ட்டுகளையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கொளுத்தினார்கள். குடிநீர்க் கிணற்றில் விஷம் கலந்ததாகவும் மக்கள் சொன்னார்கள். 26 ஆண்டு கழித்து, 2021-இல்தான் அது திரைக்கு வந்தது, அதுவும் வேறு பெயரில்.

"மார்க் ஷீட்டையுமா கொளுத்துனாங்க?" என்று கேட்டாள் அதே பெண். அதுவரை கூச்சலாக இருந்த வேன் அமைதியாகிவிட்டது.

ஆகஸ்டில் கொடியங்குளம் போவதென்று முடிவாகியிருக்கிறது. வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது, ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும், செல்பி கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டோம். வேன் வாடகைக்கு ஆளுக்கு 200 ரூபாய் பிரிக்கிறோம். பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதும் பொறுப்பை அந்தப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டாள்.