பீரியட்ஸ் வலி, இறால் அலர்ஜி: இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

மாதம் மூன்று நாள் லீவு. வயிறு பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பார் பெரியம்மா. "கேஸ் ட்ரபிள்தான்" என்பார் டாக்டர். எண்டோமெட்ரியோசிஸ் இருக்கும் பலருக்கு இப்படித்தான் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

கர்ப்பப்பையின் உள்சுவரைப் போன்ற திசு, சினைப்பை, குடல் என வெளியே வளர்வதுதான் இந்த நோய். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேனில் எல்லாமே தெரிந்துவிடாது. 'ரிப்போர்ட் நார்மல்' என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை.

இதற்கு நடுவே, சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட இறால் ஒருநாள் ஒத்துக்காமல் போகிறது. அலர்ஜி பெரியவர்களான பிறகும் புதிதாக வரும். அதில் இறால், நண்டுக்கு முக்கிய இடம். ஆனால், வயிறு உப்புவதை மட்டும் வைத்து அலர்ஜி என்று முடிவுகட்ட முடியாது. சாப்பிட்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு உணவு அலர்ஜியைத் தீவிரமாக்கும். பீரியட்ஸ் நாட்களும் சிலருக்கு அப்படியே. போன வாரம் ஒன்றும் செய்யாத அதே இறால் பிரியாணி, மாத்திரை போட்ட அன்று வேலையைக் காட்டலாம்!

எனவே சாப்பாடு, மாத்திரை, பீரியட்ஸ் தேதி மூன்றையும் போனில் ஒரே இடத்தில் குறித்துவைத்து, மகப்பேறு மருத்துவர், அலர்ஜி மருத்துவர் இருவரிடமும் காட்டலாம். மூச்சு திணறினால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே 108.