சிலந்தி வேட்டைக் குளவிகள்: தொழில் ஒன்று, குலம் வேறு

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது தமிழ் மக்களிடையே வழிவழி வழங்கிவரும் நம்பிக்கையாகும். வடமொழியாளர் இதனைப் பிரமரகீட நியாயம் என்பர். மண்கூட்டை உடைத்துப் பார்த்தோர் உள்ளே அசைவற்ற புழுவையோ சிலந்தியையோ கண்டனர். பிறிதொரு நாள் அத்தகைய கூட்டினின்று குளவி வெளிவரவும் கண்டனர். கண்ட காட்சி மெய்; கொண்ட முடிவே பிழை. குளவி கொட்டுவது இரையைக் கொல்வதற்கன்று, செயலிழக்கச் செய்வதற்கேயாம். இரையின் உடல்மீது தாய்க்குளவி ஒரு முட்டை இடுகிறது. அதினின்று தோன்றும் இளம்புழு, கெடாதிருக்கும் அவ்விரையைத் தின்று வளர்ந்து குளவியாகிறது.

இருவகை வேட்டைக்காரர்

சிலந்தியை வேட்டையாடும் குளவிகள் யாவும் ஓரினத்தன அல்ல. மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி போன்ற பகுதிகளிலும் சுவர் மூலைகளில் மண்ணறைகள் கட்டும் மெல்லிடைக் குளவியைக் காணலாம். இது ஸ்பெசிடே குடும்பத்தைச் சார்ந்தது. இதன் இனமொன்றிற்கு 1781இல் பாப்ரீசியஸ் என்னும் அறிஞர் மதராஸ்பட்டினத்தின் பெயரையே இட்டார். இதன் இடை நூல்போல் நீண்டிருக்கும். ஓரறையில் பல சிறு சிலந்திகளைச் சேர்த்து வைக்கும்.

மற்றது பாம்பிலிடே குடும்பம். உலகெங்கும் ஏறத்தாழ 5,000 இனங்களைக் கொண்ட இக்குடும்பமே சிறப்பு வகையில் சிலந்தி வேட்டைக் குளவிகள் எனப்படும். இவற்றின் பின்கால்கள் நீண்டு முள்ளுடையன. மார்பின் பக்கவாட்டில் குறுக்கே ஒரு பள்ளக்கோடு ஓடும். சிறகை அடிக்கடி உதறிக்கொண்டு தரையில் விரைந்தோடும். ஒரு குஞ்சுக்கு ஒரே சிலந்திதான் உணவு. ஆதலின் தன்னினும் பருத்த சிலந்தியையும் இது இழுத்துச் செல்லக் காணலாம். டாக்கிபாம்பிலஸ் அனாலிஸ் என்னும் இந்திய இனம், வீட்டுச் சுவர்களில் திரியும் பெருஞ்சிலந்தியை வேட்டையாடுவது.

வகைப்பாட்டின் வரலாறு

1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1886 முதல் தன் ஏட்டை வெளியிட்டு வருகிறது. பர்மாவின் காட்டிலாகாவில் பணியாற்றிய சார்லஸ் தாமஸ் பிங்காம், இந்தியக் குளவிகளையும் தேனீக்களையும் பற்றிய பெருநூலை 1897இல் வெளியிட்டார். அந்நூலில் மேற்கூறிய இரு குடும்பங்களும் தோண்டும் குளவிகள் என்னும் ஒரே தொகுதியில் அடங்கின. வாழ்க்கை முறையின் ஒற்றுமை அவ்வாறு எண்ணச் செய்தது. பின்னர் நிகழ்ந்த உடலமைப்பு ஆய்வுகளும் மரபணு ஆய்வுகளும் வேறு முடிவு தந்தன. மெல்லிடைக் குளவி தேனீக்களுக்கு நெருங்கிய உறவு. பாம்பிலிடே, வெல்வெட் எறும்பு எனப்படும் குளவிகளுக்கு உறவு. சிலந்தி வேட்டை இரு குலங்களிலும் தனித்தனியே தோன்றியதாகும்.

பரிணாமம்

2015இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று பாம்பிலிடேயை ஐந்து துணைக்குடும்பங்களாக வகுத்தது. இன்று வாழும் கிளைகளின் பொதுமூதாதை சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததென மதிப்பிட்டது. சிலந்திகளோ 30 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையன. ஆகவே இரை மிகப் பழையது, இவ்வேட்டைக்காரர் புதியவர்.

இக்குடும்பத்தினரின் பழக்கங்கள் பலதிறத்தன. சில இனங்கள் கூடு கட்டுவதேயில்லை. சிலந்தி கிடந்த இடத்திலேயே முட்டையிட்டு நீங்கும். சில இரையைப் பிடித்தபின் வளை தோண்டும். ஆப்ளோபஸ் இனத்தவை மண்ணறை கட்டி, சிலந்தியின் கால்களைத் துண்டித்து எடுத்துவரும். செரோபேல்ஸ் இனத்தவையோ, வேறு குளவி கொண்டுசெல்லும் சிலந்தியின் சுவாசத் துளைக்குள் தம் முட்டையைக் களவாகச் செலுத்திவிடும். இவற்றை ஒரே ஏணியின் படிகளெனக் கருதலாகாது. ஒரு மரத்தின் வெவ்வேறு கிளைகள் எனக் கொள்வதே பொருந்தும்.

பணியாளர் கவனத்திற்கு

மண்ணறையைக் கண்டவுடன் குளவியின் பெயரைத் துணிந்து எழுதிவிடுதல் தவறு. இரு குடும்பங்களிலும் மண்ணால் கட்டுவோர் உளர். இடையின் அமைப்பு, மார்பின் பள்ளக்கோடு, அறைக்குள் உள்ள சிலந்திகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் நோக்கிய பின்னரே முடிவு செய்தல் வேண்டும். இடமும் நாளும் குறிக்கப்படாத மாதிரி ஆய்வுக்குப் பயன்படாது. இரையுடன் கிடைத்த மாதிரியோ இருமடங்கு மதிப்புடையது. இக்குளவிகளின் கொட்டு கடும் வலி தருமாதலின் வெறுங்கையால் பற்றலாகாது. பள்ளிச் சுவரிலுள்ள கூட்டை மருந்தடித்து அழிப்பதினும், ஆசிரியர் மாணவரைத் தொலைவில் நிறுத்தி நாள்தோறும் நோக்கிக் குறிக்கச் செய்தல் நன்று. புழு குளவியாவதில்லை என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே அறிந்துகொள்வர்.