தலையிடிக்கு முந்திய அரை மணித்தியாலம்

சாய்ந்தமருதில் தலையிடி என்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. இரண்டு பனடோல், ஒரு பிளேன்டீ, நெற்றியில் கொஞ்சம் சித்தாலேப, ஜன்னலைச் சாத்திய அறையில் ஒரு தூக்கம். பின்னேரம் எழும்பினால் வழக்கம்போல அடுப்படி வேலை, கடை வேலை. பெரும்பாலான தலையிடிகளுக்கு இது போதும். ஆனால் சிலருக்கு வலி வருமுன் வேறொன்று வருகிறது. பார்வையின் ஓரிடம் அழிந்துபோகிறது, அதன் விளிம்பு மின்னுகிறது, அரை மணித்தியாலத்தில் அது மறைய, தலையின் ஒரு பக்கம் இடிக்கத் தொடங்குகிறது. வலி உச்சத்துக்கு ஏறியதும் முந்தி நடந்தது மறந்துவிடும். வைத்தியசாலைக்குப் போனாலும் "தலையிடி டொக்டர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மருத்துவம் அந்த மின்னலுக்கு 'ஓரா' என்று பெயர் வைத்திருக்கிறது. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலையிடி உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி மூன்றில் ஒருவருக்கு, இது வருகிறது. நீங்கள் எந்தக் குளிசை குடிக்கலாம், எந்தக் குடும்பக்கட்டுப்பாட்டு முறை உங்களுக்கு ஆகாது, எந்த அறிகுறிக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதில் தங்கியிருக்கிறது. அதனால்தான் அதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

கண்ணுக்கு முன்னால் என்ன தெரியும்

பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பவருக்கு வரியின் நடுவில் இரண்டு எழுத்துகள் காணாமல் போகும். எதிரில் நிற்பவரின் முகத்தில் பாதி தெரியாது. கண்ணைக் கசக்கினாலும் முகம் கழுவினாலும் சரிவராது. சில நிமிடத்தில் அந்த வெற்றிடத்தின் விளிம்பில் ஒரு வளைகோடு எழும். நம் பெண்கள் இழைக்கும் பன்பாயின் ஓரத்தில் சாயப்புல்லால் மடித்து மடித்துக் கோணல் கோணலாக ஒரு கரை வருமே, ஏறக்குறைய அந்த வடிவம். ஆனால் அது வெள்ளையாகவோ நிறநிறமாகவோ துடித்துக்கொண்டே இருக்கும். அது மெதுவாகப் பெருத்து, பார்வையின் ஓரத்துக்கு நகர்ந்து, வெளியே போய்விடும். இங்கிலாந்து மருத்துவர் ஹியூபர்ட் ஏரி, தனக்கு வந்த இந்தக் காட்சி நிமிடத்துக்கு நிமிடம் எப்படி வளர்கிறது என்று படமாக வரைந்து 1870இல் வெளியிட்டார். இன்று எந்த ஊர் நோயாளியிடம் அந்தப் படத்தைக் காட்டினாலும் "இதுதான், இதேதான்" என்பார்.

பலர் "வலது கண்ணில் வந்தது" என்று சொல்வார்கள். உண்மையில் அது இரண்டு கண்ணிலும் பார்வையின் வலது பாதியில் வந்திருக்கும். அடுத்த முறை வரும்போது ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள், பிறகு மற்றதைப் பொத்திப் பாருங்கள். இரண்டிலும் தெரிந்தால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் பார்வைப் பகுதியில். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மறைந்தால் அது வேறு விஷயம். அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஓரா வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் அதிகமானோருக்கு அது பார்வையில்தான் வரும். சிலருக்கு விரல் நுனியில் ஊசி குத்துவதுபோலத் தொடங்கி, கை வழியே ஏறி, அதே பக்கத்து உதட்டுக்கும் நாக்குக்கும் வந்து மரத்துப்போகும். இன்னும் சிலருக்குச் சொல்ல நினைத்த சொல் வாயில் வராது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடமாவது எடுத்துப் பரவும். பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்குள் தானே விலகும். வலி அதோடு சேர்ந்தோ, முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ளோ தொடங்கும். வாந்தி, வெளிச்சம் கூசுவது, சத்தம் பொறுக்காதது எல்லாம் அந்த வலியோடு வருபவை. ஓரா மட்டும் வந்து வலி வராமல் போவதும் உண்டு. ஐம்பது வயதுக்குப் பிறகு அப்படி முதன்முறையாக வந்தால் ஓரா என்று தாமே முடிவு கட்டக்கூடாது.

முதல் நாளே கொட்டாவி, பிடரி இறுக்கம், இனிப்பு மேல் ஆசை வருவது ஓரா அல்ல. அவை மைக்ரேன் வரப்போகிறது என்பதற்கான முன்குறிகள்.

மூளையில் ஊரும் அலை

1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தனக்கு வந்த மின்னல் கோடு பார்வையில் நகரும் வேகத்தை அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றர் வீதம் ஊர்கிறது என்று கணித்தார். 1944இல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடெஸ் லியாவோ, முயலின் மூளையில் அதே அளவு மெதுவாகப் பரவும் ஒரு மின் அலையைக் கண்டார். அலையின் முன்விளிம்பில் நரம்புக் கலங்கள் கிளர்ந்தெழும், பின்னால் சற்று நேரம் ஓய்ந்து கிடக்கும். முன்னால் மின்னல், பின்னால் வெற்றிடம் என்று நோயாளி சொல்வது இதோடு அப்படியே பொருந்துகிறது. ஓரா வந்துகொண்டிருந்த ஒருவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து எடுத்த படங்கள் 2001இல் வெளியானபோது, மனித மூளையிலும் இந்த அலை நடப்பதற்கு வலுவான சான்று கிடைத்தது.

பிடரிப் பக்க மூளையில்தான் பார்வை பதிகிறது. அலை பெரும்பாலும் அங்கே தொடங்குவதால் முதலில் கண் முன்னால் தெரிகிறது; முன்னோக்கி ஊர்ந்தால் கை மரக்கிறது. மூளையைச் சுற்றிய உறையின் நரம்புகள் கிளறப்படும்போது வலி பிறக்கிறது. இது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடும் நோய். உம்மாவுக்கு இருந்ததா, உம்மம்மா வெயிலில் போனால் படுத்துவிடுவாரா என்று விசாரித்தால் பெரும்பாலும் "ஓம்" என்றே பதில் வரும்.

கண்ணூறு, ஜின் என்று சொல்லி ஓதிய தண்ணீர் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. துஆ மனதுக்குத் தரும் ஆறுதலை நான் மதிக்கிறேன். அதோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து. இது ஈமான் குறைந்தவருக்கு வரும் நோயும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருந்தபோது ஒற்றைத் தலையிடிக்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்ட செய்தி ஸஹீஹுல் புகாரியின் மருத்துவப் பாடத்தில் பதிவாகியிருக்கிறது. ஹிஜாமா செய்ய விரும்புகிறவர்கள் பயிற்சி பெற்றவரிடம், புதிய பிளேடு கண்ணுக்கு முன்னால் பிரிக்கப்படுவதைப் பார்த்துச் செய்யுங்கள். வைத்தியர் தந்த மருந்தை அதற்காக நிறுத்த வேண்டாம்.

பாரிசவாதமா, ஓராவா

கை மரத்து, பேச்சுத் தடுமாறினால் வீடே அலறும். அலறுவது நியாயம்தான். ஓரா மெதுவாக வரும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும், மின்னும், கூசும். பாரிசவாதம் சட்டென்று வரும். இருந்த பலம், இருந்த பார்வை, இருந்த பேச்சு ஒரேயடியாகப் போகும். ஆனால் வீட்டில் நின்று இதைத் தரம் பிரிப்பது நம் வேலை அல்ல. முதன்முறையாக இப்படி வந்தால், கையோ காலோ உண்மையில் பலமிழந்தால், வாய் ஒரு பக்கம் கோணினால், அறிகுறி ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால், ஒரே நொடியில் உச்சமடையும் தலையிடி வந்தால், காய்ச்சலும் பிடரி விறைப்பும் சேர்ந்தால் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். இரத்தக் கட்டியால் வரும் பாரிசவாதத்துக்கு, அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டாக வேண்டும். "கொஞ்சம் படுத்துப் பார்ப்பம்" என்று கழிகிற நேரத்தில்தான் கை கால் போகிறது.

'மிஸ்'ஸிடம் சொல்ல வேண்டிய ஒன்று

மைக்ரேன் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதுவும் பிள்ளை பெறும் வயதில்தான் மிக அதிகம். அதே வயதில்தான் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும் கைக்கு வருகிறது.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹோர்மோன்களும் கலந்த குளிசைகள், நம் நாட்டில் எல்லோரும் அறிந்த மித்துரி உட்பட, ஓராவுள்ள மைக்ரேன் இருக்கும் பெண்ணுக்கு எந்த வயதிலும் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நாலு தரத்தில் கடைசித் தரம் அது. அதாவது பயன்படுத்தவே கூடாது. காரணம், ஓரா உள்ளவர்களுக்கு இரத்தக் கட்டியால் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏற்கெனவே ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டி அதை மேலும் ஏற்றுகிறது. ஐரோப்பியத் தலைவலி மருத்துவர்களும் கருத்தடை மருத்துவர்களும் கூடி 2017இல் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு இது: 20 முதல் 44 வயதுவரையான, மைக்ரேனும் இல்லாத, ஹோர்மோனும் எடுக்காத ஒரு லட்சம் பெண்களில் வருடத்துக்கு 3 பேருக்கும் குறைவானோருக்குப் பாரிசவாதம் வருகிறது. ஓரா இருந்தால் அது 6 பேர். ஓராவும் ஹோர்மோன் குளிசையும் சேர்ந்தால் சுமார் 37 பேர்.

ஒரு லட்சத்தில் 37 என்பது சிறிய எண்தான். இதை வாசித்து யாரும் இரவு தூங்காமல் கிடக்க வேண்டாம். ஆனால் தவிர்க்கக்கூடிய ஒன்றை ஏன் சுமக்க வேண்டும்? சிகரெட்டும் உயர் பிரஷரும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். அதற்காகக் குளிசையை இன்றே எறிந்துவிட்டு அடுத்த மாதம் வயிற்றில் பிள்ளையோடு நிற்கவும் வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் மாற்று முறை கேளுங்கள். செம்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை. ஊசியிலும் கைக்குள் வைக்கும் குச்சியிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்வார்.

வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தர், நாம் 'மிஸ்' என்று கூப்பிடுகிறவர், பிரஷர் இருக்கா, சீனி இருக்கா என்று கேட்பார். அவர் கேட்கும்வரை காத்திராமல் "தலையிடிக்கு முந்தி எனக்குக் கண் மின்னும் மிஸ்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மாமியோ மச்சியோ பக்கத்தில் இருக்கிறார் என்று வெட்கப்பட்டு விழுங்கிவிடாதீர்கள்.

கர்ப்பிணியாக இருக்கும்போது கதை இன்னொரு விதம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தலையிடியும் கண் மின்னலும் வந்தால், அதோடு முகமும் கையும் வீங்கினால், மேல்வயிறு நொந்தால், அது கர்ப்பகால உயர் இரத்த அழுத்தமாக இருக்கலாம். வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போகக்கூடிய நோய் அது. பிள்ளை பிறந்த பின்னும் சில வாரங்களுக்கு வரலாம். அடுத்த கிளினிக் திகதிவரை பொறுத்திராமல் அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பனடோல் எத்தனை நாள்

வலி தொடங்கியதுமே எடுத்தால்தான் மருந்து பிடிக்கும். வாந்தி தொடங்கிய பிறகு உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. பனடோல் எனும் பரசிட்டமோல், இபுபுரூபன், நெப்ரொக்சன் போன்றவை முதல் வரிசை. அவை கேட்காதவர்களுக்குச் சுமாட்ரிப்டான் போன்ற மருந்துகளை வைத்தியர் எழுதித் தருவார். அவற்றை ஓராவின்போது எடுப்பதில்லை, வலி தொடங்கும்போதுதான். காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் பரசிட்டமோலைத் தவிர வேறு வலிக்குளிசை எதையும் தொடாதீர்கள். மாரி வந்தால் டெங்கு வரும் ஊர் நம்முடையது. டெங்கில் இபுபுரூபனும் அஸ்பிரினும் இரத்தக் கசிவை வரவழைக்கும்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால், குளிசையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். பாமசியில் கிடைக்கும் கலப்புக் குளிசைகளுக்கு 10 நாளே போதும். மாதத்தில் நாலு நாளுக்கு மேல் படுக்கிறவர்கள் தடுப்பு மருந்து பற்றி வைத்தியரோடு கதைக்க வேண்டும். புரொப்ரனொலோல், அமிட்ரிப்டிலின் என்று பல உண்டு. புரொப்ரனொலோல் ஆஸ்மா உள்ளவருக்கு ஆகாது, ஆகையால் பக்கத்து வீட்டு ராத்தாவுக்குச் சுகம் தந்த குளிசையை வாங்கிப் போடுகிற பழக்கம் வேண்டாம்.

நோன்பு மாதத்தில்

பசி, தாகம், தூக்கக் குறைவு, தேத்தண்ணி இல்லாத பகல்: மைக்ரேனைக் கிளப்புகிற நாலும் நோன்பில் ஒன்றாக வருகின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், நோன்பு பிடித்த மைக்ரேன் நோயாளிகளுக்கு ரமழானில் சராசரியாக 9 நாளுக்கு மேல் தலையிடி வந்தது. மற்ற மாதத்தில் அது 4 நாளுக்கும் குறைவு. பதினான்கு மணித்தியாலத்துக்குக் கிட்ட வயிறு காயும் உடம்புக்கு முன்கூட்டியே பழக்கம் தேவை. ஷஃபான் மாதத்திலேயே தேத்தண்ணியைக் கோப்பை கோப்பையாகக் குறைத்து வாருங்கள். சஹரைத் தவறவிடாமல், நிறையத் தண்ணீரோடு, இயன்றளவு பிந்திச் சாப்பிடுங்கள். நோன்பு திறந்ததும் கஞ்சியும் பேரீச்சம்பழமும் நல்லது. அதன்பின் நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பதுதான் கெடுதல். தடுப்பு மருந்து குடிப்பவர்கள் அதைச் சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றியமைக்க முடியுமா என்று ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோயாளிக்கு வேறு நாட்களில் நோன்பைப் பிடிக்க மார்க்கம் இடம் தந்திருக்கிறது. வாந்தியும் வலியுமாகச் சுருண்டு கிடப்பவரை "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். வைத்தியரிடமும் உலமாவிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

கிளினிக்குக்கு என்ன கொண்டுபோவது

ஒரு கொப்பி போதும். திகதி, கண் மின்னத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வலி வந்த பக்கம், போட்ட குளிசை, மாதவிடாய் நாள், அன்றைய சாப்பாடும் தூக்கமும். இரண்டு மாதம் இப்படி எழுதினால், அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வேறெங்கோ பொது வைத்திய நிபுணர் உங்களுக்குத் தரும் சில நிமிடங்கள் வீணாகாது. மின்னலைப் பார்த்தபடியே வரைந்து வையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் வைத்தியருக்குப் புரியும்.

மோட்டார் சைக்கிளிலோ ஓட்டோவிலோ போகும்போது எழுத்து அழியத் தொடங்கினால் அக்கணமே ஓரமாக நிறுத்துங்கள். பார்வை முழுதாகத் திரும்பும்வரை எடுக்க வேண்டாம். கடலுக்குப் போகிறவர்கள் படகில் கூட இருப்பவருக்கு இந்த நோயைப் பற்றி முன்பே சொல்லி வையுங்கள். கண் மறைந்திருக்கும் அந்த அரை மணித்தியாலம் எஞ்சினை அவர் பிடிக்கட்டும்.