'100 கீவேர்டு போட்டா கூகுள்ல முதலிடம்'... உண்மையா? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்கோங்க!

கடைக்கு, டியூஷன் சென்டருக்கு, கேட்டரிங் தொழிலுக்கு என்று புதிதாக வெப்சைட் தொடங்குபவர்களிடம் அடிக்கடி சொல்லப்படும் வாக்குறுதி இது: "100 கீவேர்டு போட்டுத் தர்றோம், கூகுள்ல முதல்ல வந்துடுவீங்க." இதை நம்பி பணம் கட்டும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'மெட்டா கீவேர்டு' டேகை தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

மெட்டா டேக் என்றால் என்ன?

வெப் பேஜைத் திறந்தால் நமக்குத் தெரிவது எழுத்தும் படமும்தான். பின்னால் எச்டிஎம்எல் கோடிங் இருக்கிறது. இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று பிரவுசருக்கும் தேடுபொறிக்கும் சொல்ல, அந்தக் கோடிங்கின் தலைப்பகுதியில் எழுதப்படும் வரிகள்தான் மெட்டா டேக். பார்சல் மேல் ஒட்டும் லேபிள் மாதிரி.

கீவேர்டு டேக் ஏன் மதிப்பிழந்தது?

1990-களில் அல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் அந்த லேபிளை நம்பின. விளைவு? சம்பந்தமே இல்லாத சொற்களையும், போட்டி நிறுவனங்களின் பெயர்களையும்கூட பலர் அள்ளிப் போட்டார்கள். பார்வையாளர் கண்ணில் படாத இடம் என்பதால் வசதியாகிப் போனது. 1998-ல் வந்த கூகுளோ, பக்கத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, எந்தெந்தத் தளங்கள் அதற்கு லிங்க் கொடுக்கின்றன என்று பார்த்தது.

அப்போ எதுதான் வேலை செய்யும்?

*டைட்டில்:* தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரியும் தலைப்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. 'ஹோம்' என்று மட்டும் போட்டால் வீண். 'மதுரையில் கல்யாண கேட்டரிங் - சைவம், அசைவம்' என்றால் தேடுபவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி டைட்டில் அவசியம்.

*டிஸ்கிரிப்ஷன்:* தலைப்புக்குக் கீழே வரும் ஓரிரு வரி. இது தரவரிசையை உயர்த்தாது. ஆனால் படிப்பவர் கிளிக் செய்வாரா, கடந்து போவாரா என்பதில் இதற்குப் பங்கு உண்டு. பொருத்தமாக இல்லை என்றால், பக்கத்தில் இருக்கும் வேறு வரியை கூகுளே எடுத்துப் போட்டுவிடும்.

*நோஇண்டெக்ஸ்:* இதுதான் ஆபத்தானது! 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்ற கட்டளை இது. சைட் தயாராகும்போது போட்டுவிட்டு, திறக்கும்போது எடுக்க மறந்தால், என்ன செலவு செய்தாலும் கூகுளில் வராது. வேர்ட்பிரஸ் தளம் என்றால் செட்டிங்ஸில் 'ரீடிங்' பகுதிக்குப் போய், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீவேர்டே வேண்டாமா?

வேண்டும். ஆனால் மறைவான டேகில் அல்ல, மக்கள் படிக்கும் பக்கத்தில். வாடிக்கையாளர் 'கல்யாண சமையல்' என்று தேடும்போது, உங்கள் பக்கத்தில் 'நிகழ்வு உணவு மேலாண்மை' என்று மட்டும் இருந்தால் இருவரும் சந்திக்கவே முடியாது. அவர்கள் போனில் எப்படிக் கேட்கிறார்களோ, அந்தச் சொற்களையே எழுதுங்கள்.

அதற்காக ஒரே சொல்லை நூறு தடவை திணித்தால், கூகுள் விதிப்படி அது ஸ்பேம். பெரிய கம்பெனி என்றாலும் தப்ப முடியாது. தேடுபொறிக்கு மட்டும் சொற்களை நிரப்பிய ஒரு பக்கம், பார்வையாளருக்கு வேறு பக்கம் என்று காட்டியதற்காக, 2006-ல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் சில நாட்கள் தேடலிலிருந்து நீக்கியது.

பணம் கட்டும் முன் என்ன கேட்கணும்?

'எத்தனை கீவேர்டு?' என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் என்ன டைட்டில், என்ன டிஸ்கிரிப்ஷன், நோஇண்டெக்ஸ் நீக்கியாச்சா என்று கேளுங்கள். கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசம். அதில் உங்கள் பெயரிலேயே கணக்கு தொடங்கினால், எந்தச் சொல்லைத் தேடி மக்கள் வருகிறார்கள் என்று நீங்களே பார்க்கலாம்.

விளம்பரம் வேறு, தேடல் முடிவு வேறு. தேடல் முடிவில் மேலே வர கூகுள் காசு வாங்குவதில்லை. முதலிடத்துக்கு யாராலும் கேரண்டி தர முடியாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. கேரண்டி தருகிறேன் என்று யாராவது வந்தால், உஷார்!