சூரிய மகிழுந்து நெடுந்தொலைவுப் போட்டி

சூரிய மகிழுந்து நெடுந்தொலைவுப் போட்டி என்பது, சூரிய மின்தகடுகளிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு ஓடும் கார்கள் பொதுச் சாலையில் பல நூறு அல்லது பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்யும் போட்டியாகும். இக்கார்கள் பேச்சுவழக்கில் சோலார் கார் எனப்படுகின்றன. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கி.மீ. தொலைவுக்கு நடைபெறும் 'வேர்ல்டு சோலார் சேலஞ்ச்' இவ்வகைப் போட்டிகளில் முதன்மையானது. இதில் பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களின் 'அக்னிரத்' அணி, 2023ஆம் ஆண்டுப் போட்டியை நோக்கி 'ஆக்னேயா' என்னும் சூரிய மகிழுந்தை உருவாக்கியது.

முதன்மைப் பிரிவில் குறைந்த நேரத்தில் பயணத்தை முடிக்கும் கார் வெற்றி பெறுகிறது. எனினும் வெற்றியைத் தீர்மானிப்பது ஆற்றலின் வரவு செலவுக் கணக்கே. வெயில் தரும் வரவுக்குள் செலவை அடக்கத் தெரிந்த அணியே கடைசி வரை ஓடுகிறது.

வரலாறு

1982ஆம் ஆண்டின் இறுதியில், டென்மார்க்கில் பிறந்த ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், கார் பந்தய வீரர் லாரி பெர்கின்சுடன் சேர்ந்து, 'கொயட் அச்சீவர்' என்னும் சூரிய வாகனத்தில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த்திலிருந்து கிழக்குக் கரையிலுள்ள சிட்னிக்குப் புறப்பட்டார். 4,000 கி.மீட்டருக்கும் மேற்பட்ட அப்பயணம் 20 நாட்களில் முடிந்தது. 1985இல் சுவிட்சர்லாந்தில் 'டூர் டி சோல்' என்ற சூரிய வாகனப் போட்டி தொடங்கியது.

தோல்ஸ்ட்ரப்பின் முயற்சியால் முதல் வேர்ல்டு சோலார் சேலஞ்ச் 1987இல் நடைபெற்றது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 'சன்ரேசர்' மணிக்குச் சராசரியாக 66.9 கி.மீ. வேகத்தில் ஓடி வென்றது. அதில் கிடைத்த அனுபவம், அந்நிறுவனம் பின்னர் உருவாக்கிய மின்சாரக் கார்களுக்கு அடிப்படையாக அமைந்தது. 1993, 1996 ஆகிய ஆண்டுகளில் ஹோண்டா நிறுவனம் வென்றது. 2001இல் முதன்முறையாகப் போட்டியிட்ட நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களின் 'நூனா' கார் முதலிடம் பெற்றது. அதன் பிறகு மாணவர் அணிகளே முன்னணியில் உள்ளன.

2005இல் 'நூனா 3' மணிக்குச் சராசரியாக 102.75 கி.மீ. வேகத்தை எட்டியது. பொதுச் சாலையில் இவ்வேகம் மேலும் கூடாதிருக்க விதிகள் இறுக்கப்பட்டன. சிலிக்கான் மின்தகடுகளின் பரப்பு 8 சதுர மீட்டரிலிருந்து படிப்படியாக 4 சதுர மீட்டராகக் குறைக்கப்பட்டது. தகட்டின் பரப்பு பாதியான பின்னரும், 2023இல் வென்ற பெல்ஜியத்தின் 'இன்னாப்டஸ்' மாணவர் அணி மணிக்குச் சுமார் 88 கி.மீ. சராசரி வேகத்தில் ஓடியது. வெயில் வரவு குறைந்ததை, செலவைக் குறைத்தே அணிகள் ஈடுசெய்தன.

போட்டி நடைமுறை

கார்கள் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியாகப் பாலைநிலத்தைக் கடந்து வடக்கிலிருந்து தெற்கே செல்கின்றன. காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே ஓட்டலாம். 5 மணிக்கு அணி எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேயே சாலையோரம் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். கேத்தரின், டென்னன்ட் கிரீக், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கூபர் பீடி, போர்ட் அகஸ்டா முதலிய ஊர்களில் உள்ள கட்டுப்பாட்டு நிலையங்களில் ஒவ்வொரு காரும் 30 நிமிடம் கட்டாயமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு காருக்கும் முன்னும் பின்னும் அணியின் துணை வாகனங்கள் செல்கின்றன. ஓட்டுநரின் எடை 80 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், அந்த அளவுக்கு எடைக்கட்டி வைக்கப்படுகிறது. இதனால் எடை குறைந்த ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை.

ஆற்றல் வரவு

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. 24 விழுக்காடு திறனுள்ள தகடுகளை 4 சதுர மீட்டர் பரப்பில் பதித்தால், கிடைக்கும் மின்திறன் 960 வாட். வீட்டுக் கிணற்றில் பொருத்தும் ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு 746 வாட் என்பதை நினைத்தால் இது எவ்வளவு சிறியது என்பது புரியும். ஏறக்குறைய 1.3 குதிரைத்திறனைக் கொண்டு ஓர் ஆளைச் சுமந்த கார் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட வேண்டும்.

இந்த அளவும் நாள் முழுவதும் கிடைப்பதில்லை. காலையிலும் மாலையிலும் கதிர்கள் சாய்வாக விழுகின்றன. தகடு சூடேறினால் அதன் திறன் குறைகிறது; வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடும்போது சிலிக்கான் தகட்டின் மின்திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். மேகம் வந்தால் வரவு சட்டென விழுந்துவிடும்.

நில நேர்க்கோட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிருஷ்ணகிரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.5 பாகையில் உள்ளது. டார்வின் அதே அளவு தெற்கே உள்ளது. அக்டோபர் இறுதியில் டார்வினில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். அடிலெய்டு ஏறத்தாழ 35 பாகை தெற்கில் இருப்பதால், போகப் போகச் சூரியன் தாழ்ந்துகொண்டே வருகிறது. தெற்கே மேகமூட்டம் இருக்கும் நாட்களும் உண்டு. எனவே வடக்கில் கிடைப்பதை எல்லாம் அன்றன்றே செலவழித்துவிடும் அணி கடைசி நாளில் தவிக்க நேரும். 2025இல் போட்டி ஆஸ்திரேலியக் குளிர்காலமான ஆகஸ்டுக்கு மாற்றப்பட்டது. வெயில் குறைவான அக்காலத்துக்கு ஏற்பத் தகட்டின் பரப்பு 6 சதுர மீட்டராக உயர்த்தப்பட்டது.

ஆற்றல் செலவு

நெடுஞ்சாலை வேகத்தில் பெரும் செலவு காற்றின் தடையால் ஏற்படுகிறது. காற்றைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். 80 கி.மீ. வேகத்தை 100 கி.மீ. ஆக்கினால், வேகம் கால் பங்கு மட்டுமே கூடுகிறது. காற்றுக்காகச் செலவாகும் திறனோ ஏறக்குறைய இரு மடங்காகிறது.

இதே காரணத்தால் சீரான வேகமே சிக்கனமானது. ஒரு மணி நேரம் 70 கி.மீ. வேகத்திலும் அடுத்த மணி நேரம் 90 கி.மீ. வேகத்திலும் ஓடினால், இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தொலைவு 160 கி.மீ. இரண்டு மணி நேரமும் 80 கி.மீ. வேகத்தில் ஓடினாலும் அதே தொலைவுதான். ஆனால் முதல் முறையில் காற்றுக்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 5 விழுக்காடு அதிகம்.

960 வாட் திறனில் மணிக்கு 80 கி.மீ. ஓடும் கார், ஒரு கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி ஆற்றலைச் செலவிடுகிறது. 3,000 கி.மீட்டருக்கு 36 கிலோவாட்-மணி, அதாவது 36 யூனிட் தேவை. விதிகள் அனுமதித்து வந்த சுமார் 20 கிலோ லித்தியம் அயனி பேட்டரியில் ஏறத்தாழ 5 யூனிட் அடங்கும். புறப்படும்போது பேட்டரி நிறைந்திருந்தாலும், தேவையில் ஏழில் ஒரு பங்குதான் கையிருப்பு. எஞ்சியதை வழியிலேயே வெயிலிலிருந்து திரட்ட வேண்டும்.

கிருஷ்ணகிரி–ஓசூர் சாலை: ஓர் எடுத்துக்காட்டு

மேடு ஏறவும் நின்று புறப்படவும் ஆகும் செலவை, தமிழ்நாடு–கர்நாடக எல்லையை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலையைக் கொண்டு விளக்கலாம். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது. ஓசூர், கிருஷ்ணகிரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது.

ஓட்டுநருடன் சேர்த்து 300 கிலோ எடையுள்ள சூரிய மகிழுந்து இவ்வுயரத்தை ஏற, வழக்கமான செலவுக்கு மேல் 0.33 யூனிட் தேவை. இது 960 வாட் தகடு உச்சி வெயிலில் சுமார் 20 நிமிடத்தில் தரும் ஆற்றலாகும். திரும்பி இறங்கும்போது மோட்டாரையே மின்னாக்கியாக இயக்கி இதில் ஒரு பகுதியை மீட்கலாம். முழுவதையும் மீட்க முடியாது.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே காரை முற்றிலும் நிறுத்தி மீண்டும் அவ்வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 வாட்-மணி செலவாகும். ஒவ்வொரு முறை நின்று புறப்படுவதும் 1.7 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம். சரக்கு லாரிகள் நெருக்கும் இச்சாலையில் நிறுத்தங்களைத் தவிர்க்க முடியாது. ஓசூரை அடுத்த சானமாவு காட்டுப் பகுதியில், கர்நாடகக் காடுகளிலிருந்து வரும் யானைக் கூட்டங்கள் சாலையைக் கடப்பதும் உண்டு. ஆளும் வண்டியும் குறைந்த பாலைநில நெடுஞ்சாலையில் இப்போட்டி நடத்தப்படுவதன் நன்மை இதிலிருந்து விளங்கும்.

காரின் அமைப்பு

சூரிய மகிழுந்தின் ஒவ்வொரு உறுப்பும் செலவைக் குறைக்கும் நோக்கில் வடிவமைக்கப்படுகிறது. உடல் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனது. எடை குறைவு, உறுதி அதிகம். வடிவம் காற்று வழுக்கிச் செல்லுமாறு மெலிந்து நீண்டிருக்கும். டயர்கள் ஒடுக்கமாகவும் உருளும் தடை குறைந்தவையாகவும் இருக்கும். பல கார்களில் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே பொருத்தப்படுகிறது. பற்சக்கரமும் சங்கிலியும் இல்லாததால் அவற்றில் ஏற்படும் இழப்பும் இல்லை.

தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே உச்சத்திறன் கண்டறியும் மின்னணுக் கருவி உள்ளது. வெயிலும் வெப்பமும் மாறும்போதெல்லாம், தகட்டிலிருந்து மிகுதியான மின்திறன் கிடைக்கும் மின்னழுத்தத்தை அது தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரி மேலாண்மை அமைப்பு ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் கண்காணித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கிறது.

மாணவர் அணியின் பணிகள்

இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல், கணினியியல் மாணவர்கள் அணியில் இணைந்து பணியாற்றுகின்றனர். நிதி திரட்டுவதும், காரைக் கப்பலில் அனுப்புவதும், சுங்க நடைமுறைகளை முடிப்பதும் மாணவர்களின் பொறுப்பே. லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு வகையைச் சேர்ந்ததால் அதை அனுப்புவதற்குத் தனி விதிகள் உண்டு.

போட்டியின்போது உத்திப் பிரிவினர் பின்தொடரும் வாகனத்தில் அமர்ந்து, காரிலிருந்து வரும் தரவுகளையும் வானிலைக் கணிப்பையும் ஒப்பிட்டு, எந்த வேகத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்கின்றனர். முன்னே மேகம் இருந்தால் அதை விரைந்து கடப்பதா, பேட்டரியைச் சேமித்து மெதுவாகச் செல்வதா என்பது இவர்கள் எடுக்க வேண்டிய கடினமான முடிவுகளில் ஒன்று. காலையிலும் மாலையிலும் கார் நிற்கும்போது தகட்டைச் சூரியனை நோக்கிச் சாய்த்து மின்னேற்றம் செய்வதும் முக்கியப் பணியாகும்.

தகுதி ஆய்வும் இடர்களும்

போட்டிக்கு முன் டார்வினில் ஒவ்வொரு காரும் கடுமையான ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறது. பிரேக், ஓட்டுநரின் பார்வைப் பரப்பு, பேட்டரிப் பாதுகாப்பு, ஆபத்தில் ஓட்டுநர் தானாகவே விரைந்து வெளியேறும் வசதி ஆகியவை சோதிக்கப்படுகின்றன. பின்னர் ஹிடன் வேலி பந்தயத் தடத்தில் கார் ஓட்டிப் பார்க்கப்படுகிறது. இதில் தேறாத கார் போட்டியில் புறப்பட முடியாது. பல மாத உழைப்பு ஒரு பிரேக் குறைபாட்டால் நின்றுவிடக்கூடும் என்பதால், புதிய அணிகளுக்கு இந்த ஆய்வே முதல் பெரும் தடை.

பழகிய அணிகளும் இடர்களுக்குத் தப்புவதில்லை. 2019இல் முன்னிலையில் சென்ற நெதர்லாந்தின் ட்வென்டே அணியின் கார் பலத்த பக்கக்காற்றில் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. அதன்பின் முன்னிலை பெற்ற டெல்ஃப்ட் அணியின் 'நூனா எக்ஸ்' கடைசி நாளில் தீப்பிடித்து எரிந்தது. ஓட்டுநர் பாதுகாப்பாக வெளியேறினார். பெல்ஜியத்தின் 'அகோரியா' அணி அவ்வாண்டு முதலிடம் பெற்றது.

இந்திய அணிகளும் ஓசூர் வட்டாரமும்

டெல்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மணிப்பால் தொழில்நுட்பக் கழகம், பெங்களூரு ஆர்.வி. பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் மாணவர்கள் சூரிய மகிழுந்துகளை உருவாக்கியுள்ளனர். சென்னை ஐ.ஐ.டி.யின் அக்னிரத் அணி அங்குள்ள மாணவர் புத்தாக்க மையத்தின் கீழ் 2021இல் தொடங்கப்பட்டது. 'அக்னிரத்' என்பதற்கு நெருப்புத் தேர் என்று பொருள். அதன் ஆக்னேயா கார் 2023 ஏப்ரலில் அறிமுகப்படுத்தப்பட்டது.

சூரிய மகிழுந்து அன்றாடக் காருக்கு மாற்றாகிவிடும் என்று கூற முடியாது. சாதாரண மின்சாரக் கார் ஒரு கிலோமீட்டருக்கு 130 வாட்-மணிக்கு மேல் செலவிடும். நாளொன்றுக்கு 5 யூனிட் வெயில் வரவு போட்டிக் காரை 400 கி.மீ. ஓட்டும், சாதாரணக் காரை 40 கி.மீட்டருக்கும் குறைவாகவே ஓட்டும். இருப்பினும் பேட்டரி மேலாண்மை, மோட்டார் கட்டுப்பாடு, எடைக் குறைப்பு, வெப்பக் கட்டுப்பாடு என இப்போட்டியில் கற்கும் திறன்கள் மின்வாகனத் தொழிலுக்கு நேரடியாகத் தேவைப்படுபவை.

அத்தொழில் ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேரூன்றியுள்ளது. சென்னை ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் இருவர் 2013இல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி நிறுவனம் தன் மின்சார ஸ்கூட்டர்களை ஓசூரில் தயாரிக்கிறது. டி.வி.எஸ். மோட்டாரின் ஓசூர் ஆலையிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. ஓலா எலக்ட்ரிக் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளிப் பகுதியில் உள்ளது. சானமாவு போன்ற சிற்றூர்களிலிருந்து ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர் ஓட்டும் மின்சார ஸ்கூட்டரும், ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கிலேயே மதிப்பிடப்படுகிறது. சூரிய மகிழுந்து அணிகள் வாட்-மணி அளவில் பார்க்கும் கணக்கும் இதுவே.