எட்டுப் பேர் கையெழுத்து, கேட்பார் இல்லை

1956 பிப்ரவரி 20 அன்று டெல்லியில் எட்டுப் பேர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பேர் ஆந்திரத் தலைவர்கள், நான்கு பேர் தெலங்கானாத் தலைவர்கள். பேசும் மொழி ஒன்றுதான். ஆனால் ஒரு தரப்பு மெட்ராஸ் மாகாணத்தில் வளர்ந்தது, மற்றது ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில். சேர்ந்து வாழ்வதற்கு அவர்கள் எழுதிக்கொண்ட நிபந்தனைகள்தான் ‘கனவான்கள் ஒப்பந்தம்’.

நிபந்தனைகளில் மழுப்பல் இல்லை. தெலங்கானாவில் மிஞ்சும் வருவாய் தெலங்கானாவுக்கே. கீழ்நிலை அரசு வேலைகள், 12 வருடம் அங்கே குடியிருந்தவர்களுக்கு. விவசாய நிலம் விற்பதை வட்டார கவுன்சில் கட்டுப்படுத்தும். முதல்வர் ஒரு பக்கத்தவர் என்றால் துணை முதல்வர் மறுபக்கத்தவர். அமைச்சரவையில் 60க்கு 40 பங்கு.

சமூக ஒப்பந்தம் வெறும் கற்பனை, எந்த நாட்டு மக்களும் கூடி உட்கார்ந்து கையெழுத்திட்டு அரசை உண்டாக்கியதில்லை என்று 1748-லேயே வாதாடினார் தத்துவவாதி டேவிட் ஹ்யூம். ஆந்திர-தெலங்கானா இணைப்புக்காகப் போட்ட கையெழுத்தோ தேதியோடு இருக்கிறது. அப்படியும் அது ஏன் நிற்கவில்லை?

காரணத்தை 1651-ல் ‘லெவியாதன்’ எழுதிய ஹாப்ஸிடம்தான் தேட வேண்டும். மீறினால் தட்டிக்கேட்க ஒரு அதிகாரம் இல்லாத ஒப்பந்தம் வெறும் வாய்ச்சொல் என்பது அவர் கட்சி. வீட்டுப் பாகப்பத்திரத்துக்குக்கூட நமக்கு சாட்சி வேண்டும், ரிஜிஸ்தர் ஆபீஸ் முத்திரை வேண்டும். இரண்டு நிலப்பரப்புகளை இணைத்த இந்தக் காகிதத்தில், வட்டார கவுன்சிலும் மாநில அரசும் முரண்பட்டால் மத்திய அரசின் முடிவுக்கு விடலாம் என்று இருந்தது; மீறியவரைத் தட்டிக்கேட்க ஒரு தீர்ப்பாயம் கிடையாது. 1956 நவம்பர் 1-ல் ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. முதல் அமைச்சரவையிலேயே துணை முதல்வர் நாற்காலி காலியாக இருந்தது.

அரசு மக்களின் சம்மதத்தில் நிற்க வேண்டும் என்று தத்துவவாதி லாக் பேசினாரே, அந்தச் சம்மதமும் இங்கே அரைகுறைதான். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் நிதானமாகவே யோசித்தது: தெலங்கானாப் பகுதி ஹைதராபாத் மாநிலமாகத் தனித்தே இருக்கட்டும், 1961 வாக்கில் நடக்கும் பொதுத்தேர்தலுக்குப் பிறகு சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் இணையட்டும் என்றது. அதுவரை யாரும் காத்திருக்கவில்லை. அன்றைய ஹைதராபாத் சட்டமன்றத்தில் பேசியவர்களில் பெரும்பான்மையினர் இணைப்பை ஆதரித்தார்கள் என்பார்கள், அதுவும் உண்மைதான்.

அச்சம் அதற்கு முன்பே இருந்தது. 1952-ல் ஹைதராபாத் மாணவர்கள் ‘நான்-முல்கி கோ பேக்’ (உள்ளூர்க்காரர் அல்லாதவரே, திரும்பிப் போ) என்று தெருவில் இறங்கினார்கள். ‘இட்லி சாம்பார் கோ பேக்’ என்ற கோஷமும் எழுந்தது. தமிழ் வாசகருக்கு அது உறுத்தலாம். ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் இருந்தது வேலை. வெளியூர்க்காரர் வந்து அரசு வேலைகளில் அமர்கிறார் என்ற பயம். 1969-ல் அந்தப் பயமே தனித் தெலங்கானாப் போராட்டமாக வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் மாணவர்கள் செத்தார்கள். சட்டமன்றத்தை ஒட்டிய கன் பார்க்கில் அவர்களுக்கான தூண் நிற்கிறது. அரசு வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை தந்த முல்கி விதிகள் செல்லும் என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், இந்த முறை மறுபக்கம் கொதித்தது. ‘ஜெய் ஆந்திரா’ போராட்டம் கிளம்பியது. 1973-ல் ஆறு அம்சத் திட்டம், 1985-ல் 610 என்ற எண்ணில் ஓர் அரசாணை என்று இந்தத் தகராறைத் தீர்க்கப் புதுப்புதுக் காகிதங்கள் வந்துகொண்டே இருந்தன.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது 2014. தெலங்கானாவைத் தனி மாநிலமாக்கும் பிரிவினை மசோதாவை ஆந்திரச் சட்டமன்றம் ஜனவரி 30 அன்று நிராகரித்தது. ஆனால் அரசியல் சட்டத்தின் 3வது பிரிவுக்கு மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. பிப்ரவரி 20 அன்று, கனவான்கள் ஒப்பந்தத்தின் அதே தேதியில், மாநிலங்களவையில் மசோதா நிறைவேறியது. எஞ்சும் ஆந்திரத்துக்கு ஐந்து வருடச் சிறப்பு அந்தஸ்து உண்டு என்று அவையில் வாய்மொழியாக உறுதி தரப்பட்டது. சட்டத்தில் அது ஏறவில்லை. அந்தஸ்தும் வரவில்லை. 1956-ல் ஏமாந்த பக்கம் வேறு, இப்போது ஏமாந்த பக்கம் வேறு. இரண்டு முறையும் மக்கள் நம்பியது பெரிய மனிதர்களின் சொல்லை.

அடுத்து எந்த மாநிலத்தைப் பிரித்தாலும் சேர்த்தாலும், வாக்குறுதியையும் அதை மீறினால் விசாரிக்கும் தீர்ப்பாயத்தையும் ஒரே மசோதாவில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014-ன் பிரிவினையே சாட்சி. ஹைதராபாத் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகர் என்ற பத்து வருட ஏற்பாடு 2024 ஜூன் 2-ல் முடிந்தது. பிரிவினைச் சட்டத்தின் 9, 10வது அட்டவணைகளில் பட்டியலிட்ட அரசு நிறுவனங்களில் பலவற்றின் சொத்துத் தகராறு அன்றைக்கும் தீர்ந்திருக்கவில்லை.